தம்பலகாமத்தில் வயலை வற்றவிட்ட இரண்டு சிறுபோகங்கள்

தண்ணீர் கட்டி மூன்று கிழமை ஆன வயலுக்குள் கால் வைத்தால் குதிகாலைச் சுற்றிக் குமிழி குமிழியாக மேலே வரும். சின்ன வயதில் நண்டு மூச்சு விடுகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது மீதேன், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று. 1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் சேற்றைத் தடியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துத்தான் அலெசாண்ட்ரோ வோல்டா இந்த வாயுவை அடையாளம் கண்டார். அவர் கிளறிய அதே வகைச் சேறுதான் எங்கள் வயலிலும் இருக்கிறது, போகத்துக்குப் போகம் நாங்களே அதை உண்டாக்கியும் வருகிறோம்.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் தம்பலகாமத்தில் என் மாமா செய்யும் மூன்று ஏக்கர் வயலில், அடுத்தடுத்த இரண்டு சிறுபோகங்களில் (வெயில் காலத்து நெல்), மீதேனைக் குறைக்க முடியுமா என்று, தண்ணீரை வற்றவிட்டு வற்றவிட்டுக் கட்டிப் பார்த்தோம். அதைத்தான் எழுதுகிறேன். நான் திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், சனி ஞாயிறில் வயலுக்குப் போவேன். மற்ற நாட்களில் மட்டம் பார்த்துக் கொப்பியில் எழுதியது மாமாவும் மச்சானும். மீதேனை நாங்கள் கருவி வைத்து அளக்கவில்லை. தண்ணீர் மட்டத்தை அளந்தோம், அந்த நீர்முறைக்கு காலநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவான ஐ.பி.சி.சி. தந்திருக்கும் காரணிகளைப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். ஆகவே கீழே வரும் வாயு எண்கள் எல்லாம் கணக்கில் வந்தவை. தண்ணீர் பற்றிய செய்தி மட்டும் வரம்பில் நின்று எடுத்தது.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு விபரத்துக்குப் போவோம். எங்கள் பக்கத்து வயல்களில் தண்ணீர் நாள் முழுக்க நிற்பதற்கு நெல்லின் தேவை பாதிக் காரணம்கூட இல்லை. அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வருமா என்ற பயம்தான் அங்கே நிற்கிறது. அந்தப் பயத்தைக் கைவைக்காமல் விவசாயிக்குத் தண்ணீர் மட்டம் பார்க்கும் பைப்பையும் துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்து, மீதேன் குறையும் என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. முதல் போகத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம், பாதியில் உடைந்தது.

சேற்றுக்குள் நடப்பது

காய்ந்த மண்ணின் துவாரங்களில் காற்று இருக்கும். தண்ணீர் கட்டினால் அந்த வழி அடைபட்டு, மிச்சம் இருக்கும் ஒட்சிசனை மண்ணில் உள்ள உயிர்கள் ஒன்றிரண்டு நாட்களில் முடித்துவிடும். அப்புறம் அவை வேறு வேறு பொருட்களை ஒட்சிசனுக்குப் பதிலாகப் பிடிக்கும்: முதலில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேற்று. இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். போன போகத்து வைக்கோல், அறுத்த பின் நிற்கும் ஒட்டு, செத்த வேர், நெல்லின் வேரிலிருந்து கசியும் சாறு, எல்லாம் உக்கி உடையும்போது கடைசியில் அவற்றின் கையில் மீதேனாக முடியும்.

இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்த பாடம், ஏனென்றால் வயலை வற்றவிடுவது ஏன் வேலை செய்கிறது என்பது இதற்குள்ளேயே இருக்கிறது. மண் கொஞ்சம் உலர்ந்து காற்றுப் பட்டதும் இரும்பு திரும்பவும் துருப்பிடித்த நிலைக்குப் போய்விடும். வயல் ஓரத்தில், வேரைச் சுற்றி, செம்மஞ்சளாகத் தெரியுமே, அது. மறுபடி தண்ணீர் கட்டினாலும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பை முதலில் தின்று முடிக்க வேண்டும். அதனால் மீதேன் உடனே தொடங்காது, சில நாள் பிந்தும். அது எழும்பி வருவதற்குள் திரும்பவும் வற்றவிட்டால், மீண்டும் முதலிலிருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பார்க்கும் குமிழி சின்னப் பங்கு. வெளியே போகும் மீதேனில் பெரும்பகுதி, 90 வீதம் வரைக்கும், நெற்பயிரின் தண்டுக்குள் உள்ள காற்றுக் குழாய்களால் போகிறது. வேருக்கு ஒட்சிசன் இறக்குவதற்காகப் பயிர் வைத்திருக்கும் அதே வழி மீதேனுக்கு ஏணியாகிறது. காற்றில் அது ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான் இருக்கும், ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடிக்கிறது, 20 ஆண்டுக் கணக்கில் 80 கிலோ அளவுக்கு. மனிதர்கள் வெளிவிடும் மீதேனில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு நெல்வயல்களிலிருந்து. இதைக் கேட்ட மாமா சொன்னது: "பசுவையும் சொல்லுறியள், நெல்லையும் சொல்லுறியள், காரையும் கப்பலையும் ஆர் சொல்லுறது?" நியாயமான கேள்வி. சோறு சமைக்கிறவர் மீது குற்றம் சுமத்த நான் இதை எழுதவில்லை. இருக்கிற தண்ணீரில் பயிரும் காப்பாற்றப்பட்டு வாயுவும் குறையும் வழி ஒன்று இருக்கிறது, அது எங்கள் பக்கத்து மண்ணில் எங்கே நிற்கும் எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

எங்கள் வாய்க்கால்

தம்பலகாமம் கந்தளாய்க் குளத்துக்குக் கீழே இருக்கிறது. குளக்கோட்டன் கட்டினான் என்று ஊர் சொல்லும் குளம். 1986 ஏப்ரலில் அணைக்கட்டு உடைந்து கீழே வெள்ளம் பாய்ந்ததை இன்னும் நேற்றுப் போல சொல்லும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். குளத்துக்குத் தன் சொந்த நீரேந்து பகுதி இருக்கிறது. அதோடு மகாவலித் தண்ணீரும் வரும், ஆனால் எவ்வளவு தூரம் சுற்றி என்று பாருங்கள்: பொல்கொல்லையில் திருப்பி, போவத்தென்னை வழியாக அம்பன் கங்கைக்கு, எலஹெரவில் வாய்க்காலுக்கு, மின்னேரியா, கவுடுல்ல என்று குளம் குளமாக வந்து கடைசியில் கந்தளாய். 2018இல் மொறகஹகந்த நீர்த்தேக்கம் திறந்த பிறகு மேலே கையிருப்பு கூடியது. ஆனாலும் நாங்கள் சங்கிலியின் கடைசி வளையம். அதிலும் பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால் எல்லாம் தாண்டி வரும் ஒரு வயல் வாய்க்காலின் வால்ப்பக்கத்தில் மாமாவின் வயல்.

சிறுபோகத்தில் முறை வைத்துத்தான் தண்ணீர். எங்கள் வாய்க்காலுக்கு மூன்று நாள் திறப்பு, நாலு நாள் பூட்டு. தாளில் பார்த்தால் அழகான ஏழு நாள் சுற்று. தரையில், திறந்த முதல் நாளும் இரண்டாம் நாளும் தலைப்பக்கத்து வயல்கள் வரம்பு முட்டக் கட்டிக்கொள்ளும், மூன்றாம் நாள் இரவுதான் வாலுக்கு வரும், வரும்போது கதவைப் பூட்டும் நேரம் ஆகியிருக்கும். ஆகவே கிடைத்த நேரத்தில் கிடைத்ததையெல்லாம் உள்ளே வாங்கி வரம்பில் தண்ணீர் வாங்கும் வாயான வக்கடையைச் சேறு போட்டு அடைத்துவிடுவார் மாமா. ஐந்து சென்ரிமீற்றர் போதும் என்று நான் சொன்னால் என்ன, அவருடைய நாற்பது வருட அனுபவம் முழங்கால் பாதி தண்ணீரைத்தான் நம்பும். மேலே இருக்கிறவர்களும் அதே பயத்தில்தான் கட்டுகிறார்கள். பயம் தலையிலிருந்து வாலுக்குப் போகிறது, தண்ணீர் மட்டும் போவதில்லை.

எங்கள் நாட்டில் குளத்துத் தண்ணீருக்கு அளவுக்கு அளவு காசு இல்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மிச்சம் பிடிக்கிற தண்ணீரால் பிடிக்கிறவருக்கு லாபமும் இல்லை. பங்களாதேஷிலும் இதே முட்டுக்கட்டைதான் வந்தது. அங்கே பம்புக்காரருக்கு ஏக்கர் கணக்கில் ஒரு போகத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடங்களில், விவசாயி வற்றவிட்டால் டீசல் மிச்சம் பம்புக்காரருக்கு, பயம் விவசாயிக்கு.

பைப்

வயலை வற்றவிடும் இந்த முறை எங்களுடையது இல்லை. பிலிப்பைன்ஸில் லொஸ் பாஞோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. ஓர் அடி நீளமான பி.வி.சி. பைப் துண்டு, நாலு இஞ்சி அகலம் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிவர இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் துளை போட்டு, பாதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே புகுந்த சேற்றை அடி தெரியும் வரைக்கும் கையால் அள்ளி எடுக்க வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது பைப்புக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது. வரம்பிலிருந்து ஒரு மீற்றராவது உள்ளே வையுங்கள், வரம்போரம் நண்டு வளையால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே வைத்தால் பைப் பொய் சொல்லும்.

பிறகு விதி இலகு. தண்ணீரைக் கட்டு, ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு. விடு. மண்ணுக்கு மேலே தண்ணீர் மறைந்த பிறகும் பைப்புக்குள் தெரியும். தரைக்குக் கீழே 15 சென்ரிமீற்றர், அதாவது ஆறு இஞ்சிக்கு இறங்கியதும் திரும்பக் கட்டு. அந்த ஆழம் வரைக்கும் வேர் தண்ணீரை எட்டிப் பிடிக்கும், விளைச்சல் குறையாது. பூக்கும் காலத்துக்கு ஒரு கிழமை முன்னும் ஒரு கிழமை பின்னும் வற்றவே விடக்கூடாது, அந்த நேரத்தில் தாகம் பட்டால் பதர்தான். யூரியாவை மண் காய்ந்திருக்கும்போது போட்டு உடனே தண்ணீர் கட்டினால் அது வேருக்கு இறங்கும். தேங்கிய தண்ணீரில் எறிவதைவிட நல்லது.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நாங்களே யோசிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் நாற்று நடும் வயலை நினைத்து எழுதியவை. நாங்கள் முளைகட்டின நெல்லைச் சேற்றில் வீசி விதைக்கிறோம். விதைத்த முதல் நாட்களில் வயலில் தண்ணீர் நிற்பதில்லை, அது மீதேனுக்கு நல்லது. ஆனால் அதற்குப் பிறகு வரும் இரண்டு கிழமை களையோடு சண்டை பிடிக்கும் காலம். கோழிச்சூடன் நெல்லோடு சேர்ந்து முளைக்கும், பார்க்க நெல் போலவே இருக்கும், அதை அமுக்கி வைப்பது தண்ணீர்தான். அந்த நேரத்தில் வற்றவிடச் சொன்னால் எந்த விவசாயியும் கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது. நாங்கள் விதைத்து இருபத்தைந்தாம் நாளுக்குப் பிறகுதான் தொடங்கினோம். மூன்றரை மாத இனமான பி.ஜி. 352க்குப் பூ எழுபதாம் நாளை ஒட்டி வரும் என்பதால், வற்றவிடக் கிடைத்தது நடுவில் ஐந்து கிழமைக்குக் கொஞ்சம் கூட, கடைசியில் இன்னும் பத்து நாள் அளவு.

முதல் சிறுபோகம், உடைந்த இடம்

மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரைப் பிரித்து, இரண்டு பைப் இறக்கினோம். மற்ற இரண்டில் மாமாவின் வழக்கம். முதல் சுற்று நன்றாகப் போனது. ஆனி மாதம், கச்சான் காற்று தொடங்கிவிட்டது, அந்தக் காய்ந்த காற்றில் ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீர் மூன்று நாளில் மறைந்து, ஏழாம் நாள் பைப்பில் ஆறு இஞ்சிக்குக் கிட்டப் போனது. வாய்க்கால் முறையும் ஏழு நாள், வயல் வற்றுவதும் ஏழு நாள்! எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. யாரோ ஏற்கெனவே எங்களுக்காகப் போட்டுவைத்த கால அட்டவணை மாதிரி இருந்தது.

இரண்டாம் சுற்றில் தண்ணீர் வரவில்லை. மேலே வாய்க்கால் கரை ஒரு இடத்தில் அறுத்துக்கொண்டது, திருத்த வேண்டிய அலுவலகம் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் போய்க் கேட்ட இடத்தில் நாளைக்கு என்றார்கள், மறுநாளும் நாளைக்கு என்றார்கள். நாலு நாள் பிந்தியது. பைப்பின் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. மேட்டுப் பக்கத்து வரவையில் (வரம்பு கட்டிய துண்டில்) விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. மாமாவின் பழைய முறை வயலில் சேறு இன்னும் இளகி இருந்தது, ஏனென்றால் அவர் கூடக் கட்டி வைத்திருந்தார். அவருடைய பயம் சரி என்று அன்றைக்கு வயலே சொன்னது, நான் வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, புத்தகத்தில தண்ணி பிந்துற நாளும் போட்டிருக்கா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த முறை வந்தபோது என்னைக் கேட்காமலே ஏக்கர் முழுக்க நிறையக் கட்டி, பூ முடியும் வரைக்கும் வற்றவிடவே இல்லை. அதில் பிழை இல்லை, அது அவருடைய சாப்பாடு. வெடித்த மேட்டில் கோழிச்சூடனும் எழும்பிவிட்டது, மாமியும் இரண்டு பெண்களும் குனிந்து பிடுங்க வேண்டி வந்தது. ஒரு முறையை மதிப்பிடும்போது இந்தக் குனிந்த முதுகையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், பெரும்பாலான அறிக்கைகள் எடுப்பதில்லை.

விளைச்சல்? அந்த ஏக்கரில் மேட்டுப் பக்கம் கொஞ்சம் குறைந்தது, மற்ற இடத்தில் வித்தியாசம் இல்லை.

கணக்கும் வைக்கோலும்

ஐ.பி.சி.சி.யின் 2019 திருத்திய வழிகாட்டியில் தெற்காசியாவுக்கு அடிப்படை அளவு ஒரு ஹெக்டெயருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீதேன், 112 நாள் பயிருக்கு. பெருக்கினால் 95 கிலோ, ஏக்கருக்கு 38.5 கிலோ. தண்ணீர் எப்போதும் நின்றால் காரணி 1. நடுவில் ஒரே ஒரு தடவை வற்றவிட்டால் 0.71. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை என்றால் 0.55. அறுவடைக்கு முன் வடிப்பது இதில் சேராது. ஆக, உடைந்துபோன எங்கள் முதல் போகம்கூடப் பூச்சியம் இல்லை: ஒரு தடவை ஒழுங்காக வற்றியது, ஏக்கருக்கு 11 கிலோ மீதேன் குறைவு. இதை மாமாவிடம் சொன்னபோதுதான் அவர் அடுத்த போகத்துக்குச் சம்மதித்தார். ஒரு தடவைக்கே இவ்வளவு என்றால் சரி, பூவுக்கு முன் ஒருக்கால் விடுவோம் என்றார்.

ஆனால் அந்த அடிப்படை அளவு வைக்கோல் போடாத வயலுக்கானது. இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பெரும்போக வைக்கோலை நாங்கள் வயலிலேயே விட்டு, சித்திரையில் சிறுபோக உழவோடு தாட்டு, உடனே தண்ணீர் கட்டிச் சேறடிப்போம். எரிக்காமல் மண்ணுக்குக் கொடுக்கிறோம் என்ற நல்ல எண்ணம். வழிகாட்டியின்படி, ஹெக்டெயருக்கு 2 தொன் உலர்ந்த வைக்கோலைத் தண்ணீர் கட்டுவதற்கு 30 நாளுக்குள் உழுதுவிட்டால் மீதேன் 1.91 மடங்கு. அதே வைக்கோலை 30 நாளுக்கு முன்பே உழுதுவிட்டால் 1.21 மடங்கு. காற்றோடு உக்கினால் அது காபனீரொட்சைட்டாகப் போகும், தண்ணீருக்குள் உக்கினால் மீதேனாக.

ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தேன். பிந்திய வைக்கோல், நின்ற தண்ணீர்: 74 கிலோ. தண்ணீரை மட்டும் பல தடவை வற்றவிட்டால் 40. தண்ணீரில் ஒன்றும் செய்யாமல் வைக்கோலை மட்டும் முந்தி உழுதால் 47. இரண்டும் சேர்ந்தால் 26 கிலோ, மூன்றில் ஒரு பங்கு. வற்றவிடுவதற்கு வாய்க்கால் முழுவதும் ஒத்துழைக்க வேண்டும், வைக்கோலுக்கு ஓர் உழவு முந்தினால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை! இதை ஏன் யாரும் எங்கள் கமநல சேவைக் கூட்டங்களில் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மாசியில் அறுவடை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போது ஒரு சால் ஓட்டிவிட்டால், சித்திரைக்குள் ஆறு ஏழு கிழமை கிடைக்கும். சிக்கல் இரண்டு. உழவு மெஷினுக்கு இன்னொரு தடவை காசு. அப்புறம் மாடு: அறுவடைக்குப் பிறகு ஒட்டில் மேய இறங்கும் பட்டிகளின் உரிமை இங்கே பழையது, வைக்கோலை உழுதுவிட்டால் அவை எங்கே போகும்? நாங்கள் பாதி வைக்கோலைக் கட்டி மாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தை உழுதோம்.

இரண்டாம் சிறுபோகம்

மாற்றிய முதல் விடயம் வயலுக்கு வெளியே. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்பே மாமாவும் நானும் வட்டவிதானையிடம் போனோம். எங்கள் பக்கம் வாய்க்காலைப் பார்க்கிறவர் அவர்தான், விவசாயிகள் தெரிவு செய்த ஆள், அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்குகிறவர். மீதேன் கதையை நான் தொடங்கியதும் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. மாமா குறுக்கிட்டு, "அண்ணன், வாலில இருந்து முறையத் தொடங்கினா என்ன?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தார்.

அதுதான் திருப்பம். வாலுக்கு முதல் நாள், நடுவுக்கு இரண்டாம் நாள், தலைக்கு மூன்றாம் நாள். தலைப்பக்கத்துக்கு இதில் நட்டம் இல்லை, கதவு திறந்திருக்கும் எந்த நாளும் அவர்களுக்குத் தண்ணீர் எட்டும். ஆனால் தங்களுக்கு மூன்றாம் நாள் நிச்சயம் என்று அவர்கள் நம்ப வேண்டும், முதல் இரண்டு நாள் வக்கடையைத் திறக்காமல் இருக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து வந்து எங்களுக்கு மேலே ஐந்து ஏக்கர் செய்யும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் விவசாயி ஒருவர்தான் முதலில் சம்மதித்தார், அவர் சம்மதித்ததால் மற்றவர்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முறை பிந்தினால் பிந்தும் என்று முதல் நாளே சொல்லுங்க, வக்கடையில ராத்திரி முழிக்க ஏலாது, யானையும் இறங்குது. வட்டவிதானை முறை நாட்களைப் பலகையில் எழுதி வாய்க்கால் கட்டில் நட்டார், மாற்றம் வந்தால் எல்லோருக்கும் குரல் பதிவு அனுப்பினார். அந்தப் போகத்தில் முறை இரண்டு தடவை பிந்தியது. இரண்டு தடவையும் முதல் நாளே தெரிந்தது, ஒரு தடவை அதற்கேற்ப முன்கூட்டியே கொஞ்சம் கூடக் கட்டிக்கொண்டோம். வெடிப்பு இல்லை, சண்டையும் இல்லை.

பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். அங்கே நீர்ப்பாசன நிர்வாகமே வாய்க்கால் திறக்கும் அட்டவணையை நனைத்து உலர்த்தும் முறைக்கு ஏற்றமாதிரி அமைத்தது, ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியாக மனம் மாற்றத் தேவை இருக்கவில்லை, வாலுக்கும் தண்ணீர் போனது. நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கும் கை எதுவோ அந்தக் கைதான் மீதேனையும் குறைக்க முடியும்.

வயலுக்குள்ளே செய்தது: சேறடித்த பிறகு பலகை இன்னும் இரண்டு தடவை இழுத்து மட்டப்படுத்தினோம். முதல் போகத்தில் மேடு வெடித்தபோது பள்ளத்தில் தண்ணீர் நின்றது, பைப் நடுவில் நின்று இரண்டையும் சொல்லவில்லை. நண்டு வளைகளை அடைத்தோம். வைக்கோலை மாசிக் கடைசியில் உழுதிருந்தோம். இந்தத் தடவை மூன்று ஏக்கரும்.

பூவுக்கு முன் நாலு தடவை ஆறு இஞ்சிக்கு இறங்கியது, பூவுக்குப் பின் ஒரு தடவை. ஒரு பைப்பை யானை மிதித்துத் தாட்டுவிட்டது. வெடிக்காத மட்டமான வயலில் களை முந்திய போகத்தைவிடக் கூடவில்லை. பயிர் சாயவில்லை, வேர் ஆழமாகப் போனதால் இருக்கலாம் என்று மச்சான் சொல்கிறான். அறுவடை மெஷின் புதையாமல் இறங்கியது, இதைத்தான் மாமா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். விளைச்சல் வழக்கமான போகத்தைப் போலவே. மேலே சொன்ன கணக்கின்படி ஏக்கருக்கு 74இலிருந்து 26 கிலோவுக்கு, மூன்று ஏக்கருக்கும் 144 கிலோ மீதேன் குறைவு, காபனீரொட்சைட்டில் சொன்னால் 3.9 தொன்.

இதைச் செய்யக்கூடாத இடங்கள்

கடல் பக்கம் இதை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் கொட்டியாரக்குடாவை ஒட்டிய வயல்களில் அடியில் உவர் இருக்கிறது. மேலே நிற்கும் நல்ல தண்ணீர் அதை அமுக்கி வைத்திருக்கிறது. வற்றவிட்டால் உவர் ஏறி வரும், பயிர் கருகும். அங்கே மண்ணில் கடலின் சல்பேற்று இருக்குமிடத்தில் மீதேன் ஏற்கெனவே குறைவாகத்தான் உண்டாகும், முன்னே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். குச்சவெளிப் பக்கம் மணல் வயல்களில் தண்ணீர் இரண்டு நாளில் இறங்கிவிடும், ஏழு நாள் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

பெரும்போகத்திலும் எதிர்பார்க்க வேண்டாம். கார்த்திகை மார்கழி மழையில் யாராலும் வயலை வற்றவைக்க முடியாது. தை பிறந்து வெயில் வந்தால் ஒரு தடவை கிடைக்கலாம். பெரும்போகத்துக்கு வைக்கோலை முந்தி உழுவதுதான் கையில் இருக்கிறது.

நைதரசு ஒட்சைட்டைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. மண் நனைந்து உலரும்போது யூரியாவிலிருந்து அந்த வாயு கூடும், ஒரு கிலோ 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். பெரும்பாலான வயல்களில் மீதேனில் கிடைக்கும் குறைவு இதைவிடப் பெரியது, ஆனால் யூரியாவை அள்ளி எறிகிறவருக்கு அந்த லாபத்தில் ஒரு பங்கு போய்விடும். பயிரின் நிறத்தைப் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும்.

வாயுவைக் குறைத்ததற்குக் காபன் காசு வருமாமே என்று கேட்கிறார்கள். ஒரு ஏக்கரில் ஒரு தொன் சொச்சத்துக்கு யாரும் வந்து அளந்துகொண்டிருக்க மாட்டார்கள், வந்தால் வாய்க்கால் முழுவதற்கும்தான் வருவார்கள். 2024இல் சீனாவின் 37 நெல்வயல் மீதேன் திட்டங்களை வெர்ரா என்ற சான்றளிக்கும் அமைப்பு நிராகரித்தது. தாளில் வற்றிய வயலுக்குக் காசு கிடையாது. கொப்பியில் நாளும் மட்டமும் எழுதி வைத்திருக்கிறவர்களுக்கு என்றாவது உதவும், அதற்காகவென்று இதைத் தொடங்க வேண்டாம். எங்களுக்கு வாலில் தண்ணீர் முதல் நாள் வந்தது, அது போதுமானதாக இருந்தது.

வரும் சிறுபோகத்துக்கு நானா தன் ஐந்து ஏக்கருக்கும் பைப் கேட்டிருக்கிறார், நடுப்பகுதியில் இன்னும் இரண்டு பேர். மச்சான் ஒரு முழு நீளப் பைப்பை வாங்கி ஓர் அடித் துண்டுகளாக அறுத்து, துளை போட்டு, தலையில் சிவப்பு நிறம் பூசி அடுக்கி வைத்திருக்கிறான், உழவு மெஷின்காரர் கண்ணில் படவேண்டும் என்று. வட்டவிதானையின் பலகை மழையில் எழுத்து அழிந்துவிட்டது. பங்குனிக்குள் தகரத்தில் எழுதித் தருவதாக நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.